தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், அப்புறம் எதற்கு கவுன்சலிங்?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவிக்குப் பிரசவமாகி எண்பது நாள் ஆகிறது, தாராபுரத்தில் தாய் வீட்டில் இருக்கிறார். குழந்தை தூங்குகிற நேரத்திலும் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. எதற்கென்று சொல்லத் தெரியாமல் அழுகிறார், "இந்தப் புள்ளைக்கு வேற ஆராச்சும் அம்மாவா வந்திருக்கோணும்" என்கிறார். பிரசவம் பார்த்த டாக்டர் கவுன்சலிங் போகச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டார். விசாரித்தால் ஒரு தடவைக்கு 800 ரூபாய், குறைந்தது எட்டுத் தடவை வர வேண்டும் என்கிறார்கள். பாவு கிடைக்காமல் தறி பாதி நாள் நிற்கிற நேரம். "வெறும் பேச்சுக்கு ஆறாயிரத்து நானூறு ரூபாயா? நாங்கள் எல்லாரும் தினமும் அவளிடம் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்பது அவர் கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: ஏழாம் மாசத்திலேயே இப்படித்தான் அழுதுகொண்டிருந்தாள், வளைகாப்பு முடிந்தால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

தம்பி, பணத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தாலும் நீங்கள் கேட்பது வேறு. இத்தனை பேர் இவ்வளவு பாசமாகப் பேசியும் அவளுக்கு ஏன் தெளியவில்லை, முன்பின் தெரியாத ஒருவர் பேசி எப்படித் தெளியும், இதுதானே? நியாயமான கேள்வி. நான் ஈரோட்டில் பதினெட்டு வருடமாக மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறேன். மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை. உங்கள் மனைவியைப் பார்த்ததும் இல்லை, அதனால் அவருக்கு இன்னதுதான் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதை வைத்து எதைச் சொல்ல முடியுமோ அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பிரசவமாகி மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும், அடுத்த நிமிடம் சிரிப்பும் வரும். ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகிற நேரம் அது. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும், அதற்கு வைத்தியம் வேண்டாம், தூக்கமும் துணையும் போதும். இரண்டு வாரம் தாண்டியும் பெரும்பாலான நாட்களில் மனம் பாரமாகவே இருக்கிறது, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு விடவில்லை என்றால் அது வேறு, மனச்சோர்வாக இருக்கலாம். எண்பது நாள் என்பது இரண்டு வாரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. நம் பக்கத்துப் பெண்கள் யாரும் என்னிடம் வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "ஒரே வெசனமா இருக்குதுங்", "மண்டைக்குள்ள ரோசனை ஓடிட்டே இருக்குது", "கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு", இப்படித்தான் வரும். பாதிப் பேர் தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் மருந்து வாங்கியே ஆறு மாதத்தைக் கழித்திருப்பார்கள்.

இது அபூர்வமும் இல்லை. குழந்தை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 13 பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, அதில் பெரும்பகுதி மனச்சோர்வு, வளரும் நாடுகளில் கிட்டத்தட்ட 20 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் தமிழ்நாட்டிலேயே வேலூர் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11. எண்ணை விட அதில் வந்த காரணங்களைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன்: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கர்ப்ப காலத்தில் நடந்த துக்கங்கள், கைவேலைக்கு ஆள் துணை இல்லாதது. இதில் ஒன்றாவது இல்லாத வீட்டை நம் ஊரில் காட்டுங்கள் பார்ப்போம்.

ஏழாம் மாசத்து அழுகை பற்றிச் சொன்னீர்களே, அதை நீங்கள் கடைசி வரியில் எழுதினாலும் நான் முதலில் படித்தது அதைத்தான். பிரசவம் முடிந்த 10,000 தாய்மார்களைப் பரிசோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013-இல் வெளியானது. மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று அதில் தெரிந்தவர்களை விசாரித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்குத்தான் அது பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியிருந்தது. 33 பேருக்குக் கர்ப்பத்திலேயே, மீதிப் பேருக்கு அதற்கும் முன்பே. மசக்கை, உடம்பு கனம், பிரசவ பயம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து நாம் தாண்டிவிடுகிறோம். வளையல் அடுக்கி, கட்டுச்சோறு கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்புகிற நாளில் அந்தப் பெண் சிரித்திருப்பாள், எல்லாரும் பார்க்கிறார்களே. கர்ப்பத்தில் வருகிற சோர்வுக்குப் பேச்சு சிகிச்சைதான் முதல் வழி, லேசானதற்கும் நடுத்தரமானதற்கும் மாத்திரை இல்லாமலே போய்ப் பார்க்கலாம். அந்த மூன்று மாதம் கைவிட்டுப் போனது போகட்டும். அடுத்த குழந்தை என்று வந்தால் நினைவில் வையுங்கள், ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம்.

சரி, உங்கள் பேச்சு ஏன் பலிக்கவில்லை? நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று நான் ஊகிக்கிறேன், தப்பென்றால் மன்னியுங்கள். "வெசனப்படாத, எல்லாஞ் செரியாயிரும்." "புள்ளை நல்லாத்தான இருக்கறான், அப்புறம் எதுக்கு அழுவற?" "அழுதா பால் வத்திப் போயிரும்." "உனக்கு என்ன கொறை வெச்சோம்?" ஒவ்வொன்றும் அன்பில் சொன்னதுதான். ஆனால் கேட்கிறவளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே அர்த்தம்: அழக் காரணமே இல்லாமல் அழுகிறாய், ஆகவே தப்பு உன்மேல். அவள் மண்டைக்குள் ஏற்கெனவே அதே வாசகம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பேசி முடிக்கும்போது அவள் உங்களுக்கும் சேர்த்து ஒரு குற்ற உணர்ச்சியைச் சுமக்க ஆரம்பிப்பாள், அடுத்த நாள் உங்கள் முன்னால் அழ மாட்டாள், அது தேறிவிட்ட மாதிரித் தெரியும். எங்கள் அறையில் நடப்பது ஆறுதல் சொல்வதில்லை. அறிவுரையும் கிட்டத்தட்ட இல்லை, முதல் இரண்டு முறை நான் பேசுவது மிகக் குறைவு. வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், எட்டிலிருந்து பதினாறு வாரம் வரை, எதைச் சரிசெய்யப் போகிறோம் என்று முதலிலேயே இருவரும் பேசி முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு வாரமும் போன வாரம் எப்படி என்று அளந்து பார்த்துச் செய்கிற வேலை அது. அளப்பதற்கு எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு, 1987-இல் வந்தது, பத்தே கேள்வி, தமிழில் சரிபார்த்த வடிவமும் இருக்கிறது.

இரண்டு வழிமுறைகளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒன்று சிபிடி, நினைப்பையும் நடப்பையும் பிடித்து மாற்றுவது. பலருடைய கதையைக் கலந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த பெண், குழந்தைக்கு இரண்டு மாதம். "பால் பத்தலைங், புள்ளை அழுதுட்டே இருக்கறான், நானெல்லாம் ஒரு தாயா?" இதற்கு வீட்டில் கிடைத்த பதில் பூண்டுக் குழம்பு, பால்சுறா, பிரசவ லேகியம். நான் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைகிறது? எட்டு ஒன்பது. தடுப்பூசி அட்டையில் எடை? மாதத்துக்கு முக்கால் கிலோ ஏறியிருக்கிறது. ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போய் எடையும் ஏறுகிற குழந்தைக்குப் பால் பற்றவில்லை என்று சொல்ல முடியாது. இதை நான் தீர்ப்பாகச் சொல்லிவிட்டால் அது அறிவுரை. அவளே வாரம் பூரா ஒரு நோட்டில் குறித்து, "அப்படின்னா பால் இருக்குது, ஆனா எனக்கு இல்லைன்னு தோணுது" என்று அவள் வாயால் பிரித்துச் சொன்ன நாள்தான் சிகிச்சை. செக்கிங்கில் பத்து பீஸ் பார்த்தே நல்லதையும் பழுதையும் தனியாகப் போடுகிறவள், தன் நினைப்பை மட்டும் பார்க்காமல் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தாள். அதோடு நடப்பிலும் ஒரு மாற்றம்: காலையில் குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் வாசலில் வெயிலில் நடப்பது. தெம்பு வந்ததும் நடக்கலாம் என்று காத்திருந்தால் வராது, நடந்தால்தான் கொஞ்சமாவது வரும். சின்ன விஷயம் மாதிரி இருக்கிறதா? இருட்டறையில் நாற்பது நாள் பத்தியத்தில் படுத்திருந்தவளுக்கு அது சின்னது இல்லை.

இன்னொன்று ஐபிடி, உறவுகளை மையமாக வைத்தது. க்ளெர்மன், வைஸ்மன் என்ற இருவர் அமெரிக்காவில் 1970-களில் உருவாக்கியது. நான் இதைத்தான் அதிகம் எடுக்கிறேன், நம் ஊருக்குப் பொருந்துகிறது என்பது என் சொந்த அபிப்பிராயம். துக்கம், உறவில் தகராறு, வாழ்க்கையில் இடம் மாறுவது, தனிமை, இந்த நாலில் எதில் முடிச்சு விழுந்திருக்கிறது என்று தேடிப்போகும். நம் பக்கத்தில் குழந்தை பெற்ற பெண் எத்தனை இடம் மாறுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். மாதச் சம்பளம் வாங்கினவள் கையில் காசில்லாதவள் ஆகிறாள். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ தாய் வீடு, மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ சீர் வைத்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவது. அந்தத் தேதி நெருங்க நெருங்க மோசமாகிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். (உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது தேதி குறித்திருக்கிறார்களா? எண்பது நாள் என்றவுடன் எனக்குத் தோன்றியது. மூன்றாம் மாசத்துக்குப் பத்து நாள்தானே இருக்கிறது.) "நான் இன்னொரு மாசம் இங்க இருக்கறனுங்" என்று சொல்ல வாய் வராமல் நெஞ்சு படபடப்பாக வந்து நிற்கும். அந்த ஒரு வாக்கியத்தை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்று அறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்போம். சொல்லிப் பார்த்து என்ன நடந்தது என்று அடுத்த வாரம் பேசுவோம். தேவைப்பட்டால் ஒரு முறை கணவரைக் கூப்பிடுவோம்.

ஆதாரம் என்ன என்றால், பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் 900-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2008-இல் வந்த சோதனையைச் சொல்வேன். எல்லாரும் மனச்சோர்வு இருந்தவர்கள். பேசியது என் மாதிரிப் படித்தவர்கள் இல்லை, நம் ஊர் கிராம சுகாதார செவிலியர் மாதிரி வீடு வீடாகப் போகிற பெண் சுகாதாரப் பணியாளர்கள், பயிற்சி கொடுத்து சிபிடி அடிப்படையில் பேச வைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு மனச்சோர்வு இருந்தது, சாதாரணமாக வந்து பார்த்துவிட்டு மட்டும் போன வீடுகளில் 53 பேருக்கு. யாரோ வந்து போவது மட்டும் போதாது, பேச்சுக்குள் ஒரு முறை இருக்க வேண்டும் என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். பிறகு உலக சுகாதார நிறுவனமே அதைக் கையேடாக வெளியிட்டது. இதே முறையைக் கோவாவில் பக்கத்து வீட்டுப் பெண்களைப் பழக்கிச் செய்து பார்த்தார்கள், 2019-இல் முடிவு வந்தது. பலன் இருந்தது, ஆனால் அவ்வளவு பெரிதாக இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆக, லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை வேலை செய்கிறது, இது உறுதி. சிபிடியா ஐபிடியா, யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் வழி இல்லை. பேச வருகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒத்துப்போவதும் ஒரு பங்கு வகிக்கிறது, மூன்று நான்கு முறை போயும் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றலாம், தப்பில்லை. எல்லாருக்கும் பலிப்பதும் இல்லை. கடுமையான சோர்வில், எழுந்து பல் தேய்க்கவே முடியாத நிலையில், பேச்சு மட்டும் போதாது, பேச உட்காரவே மாத்திரை வேண்டியிருக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு மாத்திரையே ஆகாது என்று சொல்கிறார்கள், அது சரியில்லை. செர்ட்ரலின் மாதிரிச் சில மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் போகின்றன, அதனால் பால் கொடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எது, எவ்வளவு என்பது மனநல மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது, என் வேலை இல்லை, மெடிக்கல் கடைக்காரர் வேலையும் இல்லை. அப்புறம், யாரிடம் போவதற்கு முன்னாலும் தைராய்டும் ரத்த அளவும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்குத் தைராய்டு கெட்டு இதே மாதிரி ஓய்ச்சலும் சோர்வும் வரும், ரத்தசோகையிலும் அப்படித்தான். நான் மூன்று வாரம் பேசிய பிறகு டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனையில் பார்க்கிற அளவு) எகிறியிருப்பது தெரியவந்து தலையில் கை வைத்த கதையும் உண்டு. அதிலிருந்து முதல் நாளே ரிப்போர்ட் கேட்டுவிடுகிறேன்.

இப்போது எட்டு வாரம் காத்திருக்கக் கூடாத விஷயம். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும், நானே கீழே போட்டுவிடுவேனோ என்கிற மாதிரி நினைப்புகள் நிறையத் தாய்மார்களுக்கு வந்து போகும். வந்ததும் அவளே நடுங்கிப்போவாள், கத்தியைக்கூட மறைத்து வைப்பாள். அது பெரும்பாலும் பதற்ற நோயின் வேலை, ஆபத்து குறைவு, சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று சொல்ல மாட்டாள். நடுக்கமே இல்லாமல், இந்தக் குழந்தை என்னுடையதே இல்லை, யாரோ காதில் சொல்கிறார்கள், இப்படிச் செய்வதுதான் குழந்தைக்கு நல்லது என்று நம்பிப் பேசினாலோ, நாள் கணக்கில் தூங்காமல் பேச்சும் நடையும் மாறினாலோ அது பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சாக வேண்டும் போல இருக்கிறதா என்று உங்கள் மனைவியிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் நினைப்பை ஏற்படுத்திவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்துகளையும் பூட்டி வையுங்கள், அன்றே டாக்டரிடம் போங்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டி வந்தாலும் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயம் வேண்டாம். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

"நாங்கெல்லாம் பெத்துப் போட்டு மூணாம் நாளே கட்டுத்தரைக்குப் போகலியா" என்று உங்கள் அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் வாதாட வேண்டாம். ஒரு தடவை மருமகளைக் கூட்டிவந்த ஒரு அம்மா இதையேதான் என்னிடமும் சொன்னார். மூன்றாம் வாரம், மருமகள் வெளியே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து உட்கார்ந்து, இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது ஒரு மாசம் கிணற்று மேட்டுப் பக்கமே போகக் கூடாது என்று தனக்குத் தானே சத்தியம் பண்ணிக்கொண்டு இருந்ததைச் சொன்னார். நாற்பது வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லையாம். அதற்கப்புறம் ராத்திரி இரண்டு மணிப் பாலுக்குக் குழந்தையைத் தூக்கிக் கொடுத்து, ஏப்பம் எடுக்க வைத்துத் தூங்க வைப்பதை அவரே எடுத்துக்கொண்டார். மருமகளுக்கு நாலு மணி நேரம் தொடர்ந்து தூக்கம் கிடைத்தது. நான் பேசியது எவ்வளவு வேலை செய்தது, அந்தத் தூக்கம் எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பணத்துக்கு வருகிறேன். 800 ரூபாய் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. திருப்பூர், பெருந்துறை, கோவை, கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் டாக்டர் வருவார், தாராபுரத்துக்கு எந்தக் கிழமை என்று கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கிக்கொடுத்த கிராம சுகாதார செவிலியரையே கேளுங்கள், அவருக்குத் தெரியும். அங்கே கூட்டம் அதிகம், வாராவாரம் முக்கால் மணி நேரம் கிடைப்பது கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுவிட்டுப் போங்கள், மூன்று மாத சர்டிபிகேட் வைத்துக்கொண்டு போர்டு மாட்டியவர்கள் இப்போது நிறைய. எட்டுத் தடவைக்கும் மொத்தமாக முன்பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். முதல் நாள் அவரோடு நீங்கள் போங்கள், ஆனால் உள்ளே அவர் மட்டும் போகட்டும். குழந்தையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை, பால் கொடுத்துக்கொண்டேகூடப் பேசலாம். வெளியே வந்ததும் "என்ன பேசுன, என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். தாராபுரம் போகிற வரைக்கும் பஸ்ஸில் குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.